தமிழில் கதை எழுதத் தொடங்குபவருக்கு: அகராதி, சந்தி, தட்டச்சு, ஒப்பந்தம்

புதுநடை கேட்கிறார்:

வணக்கம். தமிழில் சிறுகதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு தமிழ்ப் பாடம் நின்றுபோனது. அதன்பிறகு எல்லாம் ஆங்கிலம். வாசிப்புக்குக் குறைவில்லை. கதையும் மனதில் தெளிவாக ஓடுகிறது, எழுத்தில் இறக்கும்போதுதான் தடுமாற்றம். ஓர் இணைய இதழுக்கு அனுப்பிய கதை "சந்திப் பிழை மிகுதி, வாக்கியங்களில் மொழிபெயர்ப்பு வாடை" என்ற குறிப்போடு திரும்பியது.

எந்த அகராதி வாங்கலாம்? க், ச், த், ப் எங்கே வரும், எங்கே வராது என்பதை இலக்கண நூல் முழுவதையும் படிக்காமல் பிடிக்க வழி உண்டா? பேச்சுவழக்கில் உரையாடல் எழுதும்போது எழுத்துக்கூட்டலை எப்படி முடிவு செய்வது? ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக்கும் முறையில்தான் இப்போது எழுதுகிறேன். தமிழ்99 விசைப்பலகைக்கு மாற வேண்டுமா? பழைய கதைகளை இலவசமாகவும் சட்டப்படியும் படிக்க எங்கே போகலாம்? கட்டண வகுப்புகளுக்கு இப்போது வசதியில்லை.

ஏடகம்:

அகராதி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இரண்டின் வேலையும் வேறு வேறு.

உரைநடை எழுதுபவருக்கு முதல் தேவை க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. முதல் பதிப்பு 1992, விரிவாக்கிய பதிப்பு 2008, மூன்றாவது 2020. புதிதாக வாங்கினால் மூன்றாவதை வாங்குங்கள். பழைய புத்தகக் கடையில் 2008 பதிப்பு கிடைத்தாலும் விடாதீர்கள். இதன் பலம் எடுத்துக்காட்டு வாக்கியங்கள். ஒரு வினைச்சொல் எந்த வேற்றுமையோடு சேரும் என்பது பொருள் விளக்கத்தில் தெரியாது, வாக்கியத்தில்தான் தெரியும். "நாய்க்குப் பயந்தான்" என்கிறோம், "நாயைப் பார்த்துப் பயந்தான்" என்கிறோம். "நாயிலிருந்து பயந்தான்" என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் யோசித்து எழுதுபவர்கள் வழுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சந்தேகம் வரும்போது பெயர்ச்சொல்லைத் தேடாமல் வினைச்சொல்லைத் தேடுங்கள். உங்கள் குறிப்பில் இருக்கும் "மொழிபெயர்ப்பு வாடை" பாதி குறையும்.

இரண்டாவது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் இணைப்பும் வந்தது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை: சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் முழுவதையும் இலவசமாகத் தேடலாம். வின்சுலோ, பப்ரிசியஸ் அகராதிகளும் அங்கேயே உண்டு. பழைய கதையிலோ பாட்டிலோ புரியாத சொல் வந்தால் லெக்சிகனுக்குப் போங்கள். எந்த நூலில் எந்தப் பொருளில் வந்தது என்று மேற்கோளோடு இருக்கும். அழகான சொல் வேட்டைக்கு மட்டும் அங்கே போகாதீர்கள். ஒரு சொல் இன்று புழக்கத்தில் இருக்கிறதா, செத்துப்போனதா என்று அது சொல்லாது. லெக்சிகனில் இருக்கிறது என்பதற்காக ஒரு சொல் இன்றைய கதையில் உட்கார்ந்துவிடாது.

வட்டாரச் சொற்களுக்குத் தனி அகராதிகள் உண்டு. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி 1982இல் வந்தது. கொங்குக்குப் பெருமாள்முருகன், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன். இவற்றைத் தேடுபொருளாகப் பயன்படுத்துவதைவிடக் கதைப் புத்தகம்போல வரிசையாகப் படியுங்கள். விவசாயக் கருவி, சமையல், உறவுமுறை, வசவு எல்லாம் அந்த ஊர் ஆட்கள் சொல்லும் பெயரிலேயே கிடைக்கும்.

இலவச வாசிப்புக்கு: மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கிய தன்னார்வ முயற்சி. சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை தட்டச்சு செய்த எழுத்தாகவே இருப்பதால் சொல்லைத் தேட முடியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் படப்பிரதியாக இருக்கின்றன. நிகண்டுகள், அதாவது செய்யுளில் அமைந்த பழைய அகராதிகள், அதே கழகத்தின் தளத்தில் உண்டு. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் படைப்புகளை யாரும் பதிப்பிக்கலாம் என்பதால் அவை சட்டச் சிக்கலின்றிக் கிடைக்கும். புதுமைப்பித்தன் அந்த வரிசையில் இருக்கிறார். ஒரு எச்சரிக்கை: இணையப் பிரதிகளைக் கதைக்காகப் படியுங்கள். அவற்றைப் பார்த்துச் சந்தி கற்காதீர்கள். தட்டச்சுப் பிழை திருத்தப்படாத பிரதிகள் ஏராளம்.

மெய்ப்பு:

சந்திக்கு, அதாவது நீங்கள் கேட்ட க், ச், த், ப் விஷயத்துக்கு வருகிறேன். வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள் என்ற நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்யப் போகிறவர்கள்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கதையில் வரும் பிழைகளில் பெரும்பகுதி நான்கைந்து இடங்களில் அடங்கிவிடும். அவற்றை மட்டும் முதலில் பிடியுங்கள்.

ஐ, கு என்ற இரண்டு வேற்றுமை உருபுகள் வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும், அதாவது அந்த ஒற்று வரும்: கதையைப் படித்தான், கடைக்குப் போனான். மற்ற உருபுகளுக்குப் பின் மிகாது: அவனோடு போனான், மரத்திலிருந்து குதித்தான், என்னுடைய புத்தகம்.

அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றுக்குப் பின் மிகும்: அந்தப் பையன், எப்படிச் சொன்னாய். அது, இது, எது, அவ்வளவு, இத்தனை ஆகியவற்றுக்குப் பின் மிகாது: அது போகட்டும், இத்தனை பேர்.

வினையெச்சத்தில்தான் குழப்பம் அதிகம். அ, இ என்று முடிந்தால் மிகும்: வரச் சொன்னான், ஓடிப் போனான். உகரத்தில் முடிந்தால் கடைசி எழுத்துக்கு முன்னால் நிற்கும் ஒற்றைப் பாருங்கள். அது வல்லின ஒற்றாக இருந்தால் மிகும்: கேட்டுச் சொன்னான், பார்த்துப் பேசினான், தோற்றுப் போனான். மெல்லினமோ இடையினமோ ஆக இருந்தால் மிகாது: வந்து பார்த்தான், நின்று பேசினான், கண்டு களித்தான், செய்து கொடுத்தான். ஒற்றே இல்லாவிட்டாலும் மிகாது: அழுது தீர்த்தாள். இந்த ஒரு சோதனையைக் கை பழகிவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் வரும் பிழைகள் நின்றுவிடும்.

பெயரெச்சத்துக்குப் பின் மிகாது: வந்த பையன், சொன்ன கதை, நல்ல காலம், பெரிய கடை. புதிதாகச் சந்தி கற்பவர்கள் "சொன்னக் கதை", "நல்லப் பையன்" என்று அள்ளிப் போடுவது இங்கேதான். விட்டுப்போன ஒற்றைவிட வேண்டாத ஒற்று மோசம், ஏனென்றால் பொருளே மாறும். "தந்த பலகை" ஒருவர் கொடுத்த பலகை. "தந்தப் பலகை" யானைத் தந்தத்தில் செய்தது. "வேலை தேடினான்" என்றால் உத்தியோகம். "வேலைத் தேடினான்" என்றால் அவன் தேடியது ஆயுதம்.

ஆக, என ஆகியவற்றுக்குப் பின் மிகும்: வேகமாகப் போனான், எனக் கேட்டான். "என்று" வந்தால் மிகாது: என்று கேட்டான். எண்களுக்குப் பின் மிகாது, எட்டும் பத்தும் மட்டும் விலக்கு: எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, ஆனால் ஐந்து பேர், ஆறு கடை.

தொகைச் சொற்களை இப்போதைக்கு அகராதியிடம் விட்டுவிடுங்கள். பலாப்பழத்தில் ஏன் மிகுகிறது, ஊறுகாயில் ஏன் மிகவில்லை என்பது பண்புத்தொகை, வினைத்தொகை தெரிந்தபின் எளிது. அ.கி. பரந்தாமனாரின் "நல்ல தமிழ் எழுத வேண்டுமா?" இந்த விஷயத்துக்கு இன்றும் கைக்கு அடக்கமான நூல், 1955இல் வந்தது. இன்றைய உரைநடையின் சொற்பிரிப்பு, நிறுத்தக்குறி பற்றி மொழி அறக்கட்டளையின் தமிழ் நடைக் கையேட்டில் பாருங்கள்.

நீச்சல்காரன் உருவாக்கிய நாவி சந்தியைத் திருத்தும், வாணி எழுத்துப் பிழையைத் திருத்தும். இரண்டும் இணையத்தில் இலவசம். நீங்களே ஒருமுறை திருத்தியபின் அவற்றில் போடுங்கள், முன்னால் வேண்டாம். "தந்த பலகை" தந்தமா, தருதலா என்று எந்த மென்பொருளுக்கும் தெரியாது. அது காட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஏன் என்று கேட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

சந்திக்கு அடுத்தபடி இடைவெளி. "கிளியைப் பிடித்துவிட்டான்" என்று சேர்த்தெழுதினால் பிடித்து முடித்தான் என்று பொருள். "கிளியைப் பிடித்து விட்டான்" என்று பிரித்தால் பிடித்தபின் பறக்கவிட்டான். துணைவினையாக வரும் விடு, கொள், இரு, போடு ஆகியவற்றைச் சேர்த்தெழுதுவதே வாசகருக்கு உதவி. தான், கூட, போல ஆகியவையும் முன்சொல்லோடு ஒட்டியே நிற்கட்டும்: அவன்தான், அவள்கூட.

கண்ணில் படாமல் தப்பும் சில சொற்கள்: சுவற்றில் இல்லை, சுவரில் (கிணறுதான் கிணற்றில் ஆகும்). பதட்டம் இல்லை, பதற்றம். மாலை கோர்ப்பதில்லை, கோப்பது, ஆகவே கோத்தாள். ஓட்டுனர் இல்லை, ஓட்டுநர்.

திண்ணைவாசி:

மெய்ப்பு ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. சந்தியை முதல் வேலையாக வைக்காதீர்கள். முதல் வரைவில் ஒற்றுக்காக நின்றால் வாக்கியம் உறைந்துபோகும். முதல் வரைவை ஒரே மூச்சில் எழுதுங்கள். இரண்டாம் வாசிப்பில் வாக்கியத்தைச் செதுக்குங்கள். சந்தி கடைசி. வெட்டப்போகும் வரிக்குச் சந்தி பார்ப்பது வீண்.

"மொழிபெயர்ப்பு வாடை" என்பதைப் பலரும் ஆங்கிலச் சொல் கலப்பு என்று நினைக்கிறார்கள். அது இல்லை. பஸ், டீ, ஆபீஸ் எல்லாம் நம் வாயில் இருக்கும் சொற்கள். அவை கதையைக் கெடுப்பதில்லை. கெடுப்பது வாக்கிய அமைப்பு. இப்படி ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள்:

"ஒரு அழகான மாலைப் பொழுதில், ஒரு வயதான மனிதர் ஒரு பெஞ்சில் தன்னுடைய கைகளில் ஒரு பையை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்."

நான்கு "ஒரு". தமிழில் "ஒரு" வந்தால் அந்தப் பொருளுக்கு ஏதோ முக்கியத்துவம் இருக்கிறது என்று காது எதிர்பார்க்கும். நான்கு முறை எதிர்பார்த்து ஏமாறும். "தன்னுடைய கைகளில்" தேவையில்லை. வேறு யார் கையில் வைத்திருப்பார்? மாலை எந்த வகையில் அழகு என்பதும் தெரியவில்லை. இப்படி மாற்றலாம்:

"வெயில் தாழ்ந்துவிட்டது. பெஞ்சில் பெரியவர் ஒருவர் மஞ்சள்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்."

திருத்தும்போது தேடிப் பார்க்க வேண்டியவை: "ஒரு", "மற்றும்", "தன்னுடைய", "-ப்பட்டது". "அரிசி, பருப்பு மற்றும் எண்ணெய்" என்று கடைக்காரர்கூடச் சொல்வதில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் என்று அடுக்கினாலே போதும், அல்லது உம் போடுங்கள்: அரிசியும் பருப்பும் எண்ணெயும். "கதவு அவனால் திறக்கப்பட்டது" என்பதைக் கதையில் கண்டால் "கதவைத் திறந்தான்" என்று மாற்றுங்கள். ஒவ்வொன்றையும் கண்மூடித்தனமாக நீக்க வேண்டாம். இருந்தே ஆக வேண்டிய இடம் பத்தில் இரண்டோ மூன்றோ இருக்கும். அதை உரக்க வாசித்தால் தெரிந்துவிடும்.

பயிற்சிக்குக் காசு வேண்டாம். பிடித்த எழுத்தாளரின் ஒரு பக்கத்தைக் கையால் பார்த்தெழுதுங்கள். எழுதும்போது வினைமுற்று எங்கே விழுகிறது, வாக்கியம் எந்த நீளத்தில் உடைகிறது என்று மட்டும் கவனியுங்கள். அடுத்த நாள் மூலத்தைப் பார்க்காமல் அதே காட்சியை எழுதி, பிறகு ஒப்பிடுங்கள். எங்கே உங்கள் வாக்கியம் நீண்டது, எங்கே அவர் சொல்லாமல் விட்டதை நீங்கள் சொன்னீர்கள் என்று பளிச்சென்று தெரியும்.

யாழ்மேசை:

உரையாடல் பற்றி யாரும் தொடவில்லை. முதலில் ஒரு தாளில் பாத்திரத்துக்குப் பாத்திரம் எழுத்துக்கூட்டல் பட்டியல் போடுங்கள். "போயிட்டான்" என்பதா "போய்ட்டான்" என்பதா, "அவங்க" என்பதா "அவுங்க" என்பதா என்று ஒருமுறை முடிவெடுத்தால் கதை முடியும்வரை மாற்றக்கூடாது. ஒலி உண்மையிலேயே மாறும் சொல்லை மட்டும் பேச்சுவடிவில் எழுதினால் போதும். எல்லாச் சொல்லையும் உடைத்தால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். பேச்சிலும் சந்தி உண்டு என்பதை மறக்க வேண்டாம்: "அந்தப் பையன்", "அவனைப் பாத்தேன்" என்றுதான் வாய் சொல்கிறது.

ஈழத்துப் பாத்திரம் வந்தால் தமிழ்நாட்டு எழுத்துக்கூட்டலுக்குத் "திருத்த" வேண்டாம். "போயிட்டு வர்றேன்" என்பது யாழ்ப்பாணத்தில் "போட்டு வாறன்". இது தெரியாமல் திருத்தினால் போவதற்குப் பதிலாக எதையோ போட்டுவிட்டு வருவதாக ஆகிவிடும். பிறமொழிப் பெயர்களும் வேறு மாதிரி: ரொறன்ரோ, ரீவி. கதைக்கிறது என்றால் பேசுவது. இந்த வழக்கைக் காதில் ஏற்றிக்கொள்ள 2005இல் தொடங்கிய நூலகம் தளத்துக்குப் போங்கள். ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள் அங்கே இலவசமாக இருக்கின்றன. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகை இதழ்களைத் திறந்து சிறுகதைகளின் உரையாடல்களை மட்டும் வாசித்துக்கொண்டு போனாலே நிறையப் பிடிபடும்.

விசைப்பலகை:

தமிழ்99 கட்டாயமில்லை, ஆனால் நீண்டகாலம் எழுத நினைத்தால் மாறுங்கள். நீங்கள் இப்போது எழுதும் ஒலிபெயர்ப்பு முறையில் ந, ன, ண மூன்றும், ல, ள, ழ மூன்றும், ர, ற இரண்டும் ஏறக்குறைய ஒரே ஆங்கில விசையைச் சுற்றியே இருப்பதால் வேகத்தில் ஒன்றுக்கு மற்றொன்று விழும். அந்தப் பிழையை உங்கள் கண்ணே பிடிக்காது. தமிழ்99இல் ஒவ்வொன்றுக்கும் தனி விசை. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். அ, இ, உ, புள்ளி, எ ஆகியவை இடப்பக்க நடுவரிசையில். க, ப, ம, த, ந, ய வலப்பக்க நடுவரிசையில்.

புள்ளி பெரும்பாலும் தானாக விழும். அம்மா: அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல். பந்து: ப, ந, த, உ. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதன்மேல் புள்ளி வரும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் வரும். புள்ளி வேண்டாத இடத்தில், உதாரணமாக "மமதை"யில், முதல் மகரத்துக்குப் பின் அ-வைத் தட்டினால் போதும். இது தெரியாமல் "ம்மதை" வருகிறதே என்று முறையையே கைவிடுபவர்கள் உண்டு. இப்போதைய விண்டோஸ், மேக் இரண்டிலும் இந்த விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, போனுக்குச் செல்லினம். கை பழகும்வரை கதையை அதில் எழுத வேண்டாம். தினமும் ஒரு பத்தியைப் பார்த்து அடியுங்கள். கதையைப் பழைய முறையிலேயே தொடருங்கள்.

இன்னொரு பொறி: கௌரவம் என்பதில் வருவது ஒரே குறி. கொம்பும் ள-வும் தனித்தனியாக அடித்துக் "கெளரவம்" என்று எழுதினால் திரையில் வித்தியாசம் தெரியாது, தேடலில் சிக்காது. அதைச் சரிசெய்யக் கோப்பு முழுவதும் ஒரேயடியாக மாற்றுக் கட்டளை கொடுத்தால் வெள்ளம், தெளிவு எல்லாம் "வௌ்ளம்", "தௌிவு" ஆகச் சிதையும். இணையத்தில் அப்படிச் சிதைந்த பக்கங்கள் நிறைய உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இதழ்களுக்கு யூனிகோடில், வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் மாற்றிவிட்டு ஒருமுறை முழுக்கப் படியுங்கள். கொகரம், கோகார எழுத்துகளில் பிசகு வரும். பிடிஎப் மட்டும் அனுப்பினால் ஆசிரியரால் திருத்த முடியாது.

புதுநடை:

எல்லாருக்கும் நன்றி. க்ரியாவுக்குச் சொல்லிவைத்துவிட்டேன், சந்தியில் வினையெச்சத்திலிருந்து தொடங்குகிறேன். கடைசியாக ஒன்று. தொகுப்பு போடலாம் என்று ஒரு சிறிய பதிப்பகம் பேசியது. ஒப்பந்தத்தில் "கதைகளின் முழு உரிமையும் பதிப்பகத்துக்கு" என்று ஒரு வரி. நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குத் தனியாகக் கட்டணமும் கேட்கிறார்கள். இது வழக்கமா?

அச்சுக்கட்டு:

கையெழுத்துப் போடாதீர்கள், அந்த வரியை மாற்றும்வரை. "முழு உரிமை" என்று எழுதினால் ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் அதில் போய்விடும். அச்சு நூல், தமிழில், இத்தனை ஆண்டுக்கு என்று வரையறுத்து எழுதச் சொல்லுங்கள். மின்னூல் தர விருப்பமிருந்தால் தனிவரியாக.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவு எழுத்தாளருக்குச் சாதகமானது. உரிமை மாற்றம் எழுத்தில் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமை பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாத பட்சத்தில், உரிமை உங்களிடமே திரும்பும். அதனால்தான் சில ஒப்பந்தங்களில் "நிரந்தரமாக", "உலகெங்கும்" என்ற சொற்கள் நுழைந்திருக்கும். அவற்றைத் தேடிப் பாருங்கள். பதிப்புரிமைக்கு நீங்கள் எங்கும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. எழுதிய கணத்திலிருந்து உங்களுடையது, உங்கள் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு.

ராயல்டி அச்சு நூலுக்குப் பொதுவாக 10 சதவீதம். அட்டை விலையிலா, கழிவு போன விலையிலா என்று எழுதியிருக்க வேண்டும். நூலகக் கொள்முதல் பிரதிகளுக்கும் உண்டா என்றும் கேளுங்கள். எத்தனை பிரதி அச்சடிக்கிறார்கள், ஆண்டுக்கு எந்த மாதம் கணக்குத் தருவார்கள் என்பது இல்லாத ஒப்பந்தத்தில் சதவீதம் வெறும் எண்தான்.

ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின்கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை கொடுக்கிறது. பதிப்பாளர் மட்டுமல்ல, நூலாசிரியரே பதிந்து வாங்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் கேட்டால் எதற்கான செலவு என்று கேளுங்கள். அச்சான நூலை 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் நான்கு பொது நூலகங்களுக்குத் தன் செலவில் அனுப்ப வேண்டும், சென்னை கன்னிமாரா அவற்றில் ஒன்று. அந்தச் செலவும் உங்கள் தலையில் விழக்கூடாது.

உங்களுக்கு வயது 35க்குள் என்றால் சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் விருது அறிவிப்பையும் பார்த்துவாருங்கள். 2011 முதல் தமிழுக்கும் வழங்குகிறார்கள். அதற்கு நூல் வெளியாகியிருக்க வேண்டும். சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில் வரும் என்பதால் அக்டோபருக்குப் பின் பதிப்பகங்களில் மெய்ப்புப் பார்க்க நேரமே இருக்காது. கைப்பிரதியை ஆடிக்குள் கொடுத்துவிடுங்கள், இறுதி மெய்ப்பை நீங்களே ஒருமுறை பார்த்த பிறகே அச்சுக்குப் போக வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.